2147483647: ஒரு பெரிய பகா எண்ணோடு பழகிப் பார்ப்போம்

நம் கணக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பத்து இலக்கம். இதை 1-ஆலும் இதே எண்ணாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் என்பதை ஆறாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். 2, 3, 5, 7, 11, 13 என்று எழுதி, 97 வரை போய் நிறுத்திவிடுகிறோம். பத்து இலக்க எண் பகா எண்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது, அப்படிச் சொன்னால் அதனால் என்ன கிடைக்கும் என்பதுதான் இங்கே பேச்சு.

இந்த எண் பகா எண் என்பதை 1772-ல் லியோன்ஹார்ட் ஆய்லர் நிறுவினார். தஞ்சையில் மராட்டிய மன்னர் துளஜாவின் ஆட்சி நடந்த காலம் அது. கணிப்பொறி கிடையாது. ஆய்லருக்குப் பார்வையும் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது. அவர் செய்த கணக்கைப் பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்த யாரும் பின்தொடரலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முதலில் பகா என்பதன் பொருளைக் கண்ணால் பார்த்துவிடலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு போடுபவர்கள் 25 அடிக்கு 25 அடி இடைவெளி விடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் 70 கன்று வரும். 70 கன்றை 7 வரிசை, வரிசைக்கு 10 என்று நடலாம். 5 வரிசை, 14 கன்று என்றும் நடலாம். 2 வரிசை, 35 கன்று என்றும் நடலாம். ஒரே ஒரு கன்று கூடி 71 ஆனால் இவை எதுவுமே ஒத்து வராது. எந்தச் செவ்வகத்திலும் கன்று மிஞ்சி வெளியே நிற்கும், அல்லது இடம் காலியாக இருக்கும். ஒரே நெடுவரிசையாக நட்டால்தான் உண்டு. 71 பகா எண். 2147483647 கன்றுகளும் அப்படித்தான்: ஒரே வரிசை. 25 அடிக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே போனால் அந்த வரிசையின் நீளம் சுமார் 1 கோடியே 63 லட்சம் கிலோமீட்டர். நிலவுக்கு 21 தடவை போய்த் திரும்பும் தூரம்.

வர்க்கமூலத்தோடு நிறுத்தலாம்

சின்னச் சின்ன வகுத்திகளை உடனே கழித்துவிடலாம். கடைசி இலக்கம் 7. ஆகவே 2-ம் 5-ம் வகுக்காது. இலக்கங்களைக் கூட்டினால் 46. அது 3-ஆல் வகுபடாததால் எண்ணும் வகுபடாது. வலமிருந்து ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் 7−4+6−3+8−4+7−4+1−2 = 12; ஆகவே 11-ஆல் வகுத்தால் மீதி 1. ஏழால் வகுத்தாலும் மீதி 1தான். இந்த 1 திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 2147483646 முழுக்கச் சிறிய காரணிகளால் ஆனது:

2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331.

இந்தக் காரணிகள் பின்னால் வேலைக்கு வரும்.

எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்? ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கற்பலன் எண்ணையே மீறிவிடும். 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பகு எண்களால் வகுக்க வேண்டியதில்லை. 6 வகுக்குமானால் 2 ஏற்கெனவே வகுத்திருக்கும்.

அந்த எல்லைக்குள் 4792 பகா எண்கள் உள்ளன. கையால் ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் சுமார் 400 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 50 நாள் ஆகும். அதில் ஒரு வகுத்தலில் ஓர் இலக்கம் பிசகினாலும் முடிவை நம்ப முடியாது. ஆய்லர் இந்த வழியில் போகவில்லை. 2147483647 என்பது 2³¹−1, அதாவது இரண்டை 31 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது. அந்த உருவத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

ஏழு மடையும் ஆறு மடையும்

அவர் வழிக்குப் போக, மீதிக் கணக்கில் ஓர் அடிப்படை வேண்டும். பாடப்புத்தகத்தில் மட்டு எண்கணிதம் என்று இருப்பது இதுதான்.

ஒரு வாய்க்காலில் ஆறு மடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர் குறைவு; தினம் ஒரு மடைதான் திறக்க முடியும். முறை வைப்பவர் இரண்டிரண்டாகத் தாவுகிறார்: 2, 4, 6, பிறகு மறுபடி 2, 4, 6. ஒன்று, மூன்று, ஐந்தாம் மடைக்காரர்களின் வயல் காய்ந்தே போகும். மூன்று மூன்றாகத் தாவினால் இன்னும் மோசம்: 3, 6, 3, 6. இப்போது மடை ஏழு என்று வைத்துப் பாருங்கள். மூன்று மூன்றாகத் தாவினால் 3, 6, 2, 5, 1, 4, 7. எல்லா மடைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டிரண்டாக, நான்கு நான்காக, ஐந்தைந்தாக, எப்படித் தாவினாலும் எவரும் விடுபட மாட்டார்கள். ஏழு பகா எண் என்பதால் தாவும் அளவுக்கும் மடை எண்ணிக்கைக்கும் பொதுக் காரணி 1-ஐத் தவிர வேறு இருக்க முடியாது. விடுபடுதல் பொதுக் காரணியால்தான் வருகிறது.

இதையே பெருக்கலாகப் படிக்கலாம். 1 முதல் 6 வரை உள்ள எண்களை மூன்றால் பெருக்கி, ஏழால் வகுத்த மீதியை எழுதினால் 3, 6, 2, 5, 1, 4. அதே ஆறு எண்கள், வரிசை மட்டும் கலைந்திருக்கிறது. ஆகவே இந்த ஆறின் பெருக்கற்பலனும் 1×2×3×4×5×6-இன் பெருக்கற்பலனும் மீதிக் கணக்கில் ஒன்று. ஒரு பக்கம் 3⁶ என்ற ஒரு காரணி அதிகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பொதுவானதை அடித்துவிட்டால் 3⁶-க்கு மீதி 1. சரிபார்க்கலாம்: 729 = 7×104 + 1. எந்தப் பகா எண்ணுக்கும் இது பொருந்தும். அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும், பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்பது இவ்வளவுதான். "அடித்துவிடலாம்" என்ற படியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பகு எண்ணை வைத்து மீதி பார்க்கும்போது அப்படி அடிக்க முடியாது. மட்டு 6-ல், அதாவது 6-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது, 2×1-ம் 2×4-ம் ஒரே மீதியைத் தரும். ஆனால் 1-ம் 4-ம் வேறு வேறு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மட்டு 7-ல் மூன்றின் அடுக்குகள் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறு எண்ணையும் தொட்டுவிட்டுத்தான் 1-க்குத் திரும்புகின்றன. இரண்டின் அடுக்குகளோ 2, 4, 1 என்று மூன்றே தாவலில் திரும்பிவிடுகின்றன. இந்தச் சுற்றின் நீளம் எப்போதும் ஆறை வகுக்கும். பொதுவாகச் சொன்னால், பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணை வகுக்கும்.

ஆய்லர் வடிகட்டிய விதம்

2³¹−1-ஐ வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கிறது என்று வைப்போம். அதற்கு 'க' என்று பெயர். அப்படியானால் 2³¹-ஐ க-ஆல் வகுத்தால் மீதி 1. மட்டு க-வில் இரண்டின் சுற்று நீளம் 31-ஐ வகுத்தாக வேண்டும். 31 பகா எண். ஆகவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-க்கே மீதி 1 ஆக வேண்டும், அது நடக்காது. ஆகவே 31. அந்த 31 என்பது க−1-ஐ வகுக்க வேண்டும். க ஒற்றைப்படை என்பதால் க−1 இரட்டைப்படை. எனவே க−1 என்பது 62-இன் மடங்கு.

இன்னொரு சல்லடையும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2; அதாவது 2¹⁶-இன் வர்க்கத்துக்கு மீதி 2. மட்டு க-வில் இரண்டுக்கு இப்படி ஒரு வர்க்கமூலம் கிடைக்க வேண்டுமானால் க-வை எட்டால் வகுத்த மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். (இதற்கான நிரூபணம் கொஞ்சம் நீளம். 7, 17, 23 ஆகியவற்றில் இரண்டுக்கு வர்க்கமூலம் இருப்பதையும் 3, 5, 11, 13 ஆகியவற்றில் இல்லாததையும் கையால் சோதித்துப் பார்த்தால் நம்பிக்கை வரும்.) இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால் க என்பது 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோதான் இருக்க முடியும்.

எழுதிப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303 என்று போகும். இவற்றில் 63 = 7×9, 249 = 3×83, 497 = 7×71, 559 = 13×43, 745 ஐந்தின் மடங்கு, 807 = 3×269, 993 = 3×331, 1055 ஐந்தின் மடங்கு, 1241 = 17×73. பகு எண்கள் எல்லாம் போக 311-ம் 1303-ம் மிஞ்சின. 46340 வரை இப்படி வடிகட்டினால் எண்பதுக்குச் சற்று மேல்தான் தேறும். 4792 வகுத்தல் எங்கே, எண்பது எங்கே!

311-ஐ மட்டும் முழுதாகச் செய்து காட்டுகிறோம். பத்து இலக்க எண்ணை நேராக வகுக்க வேண்டியதில்லை. இரண்டின் அடுக்குகளுக்கு மீதி பார்த்துக்கொண்டே போனால் போதும்.

2⁸ = 256.
2⁹ = 512; 311 போக 201.
2¹⁰ = 402; 311 போக 91.
2²⁰ = 91×91 = 8281; 311×26 = 8086 போக 195.
2³⁰ = 195×91 = 17745; 311×57 = 17727 போக 18.
2³¹ = 36.

1 வரவில்லை, 36 வந்தது. ஆகவே 2³¹−1-க்கு மீதி 35, 311 வகுக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் உடனுக்குடன் மீதிக்குச் சுருக்கிவிட வேண்டும். எண்ணைப் பெருக விட்டு, கடைசியில் வகுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இலக்கம் பெருகி, எங்காவது தவறு நுழைந்துவிடும்.

1729-இன் இன்னொரு முகம்

ஃபெர்மாவின் தேற்றத்தைத் திருப்பிப் போட்டு, மீதி 1 வந்தால் பகா எண் என்று முடிவு கட்டலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இரண்டை வைத்துச் சோதித்தால் 341 தேறிவிடும்; ஆனால் 341 = 11×31. நம் எண்ணைப் போலவே இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த 2¹¹−1 = 2047-ம் தேறிவிடும்; ஆனால் 2047 = 23×89. இந்த வகை எண்களில் இரண்டை வைத்துச் சோதிப்பதில் பயனே இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், சோதனை தானாகவே தேறும். எண் பகாவா பகுவா என்று அது எதுவும் சொல்லாது.

சரி, 2-ஐ விட்டு 3, 5, 10 என்று மாற்றிச் சோதித்தால்? அதற்கும் பிடிபடாத எண்கள் உண்டு: 561, 1105, அடுத்தது 1729. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் 1729 தெரியும்: 1³+12³, 9³+10³ என்று, இரு நேர் முழு எண்களின் கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண். அதன் காரணிகளைப் பாருங்கள்: 7×13×19. ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் 6, 12, 18. இந்த மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதனால் 7, 13, 19 இவற்றின் மடங்காக இல்லாத எந்த எண்ணை எடுத்து 1728 அடுக்குக்கு உயர்த்தினாலும், 1729-ஆல் வகுத்த மீதி 1 வந்துவிடும். பகா எண்ணைப் போலவே வேடம் போடும் பகு எண் இது. கார்மைக்கேல் எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். இவை முடிவில்லாமல் உள்ளன என்று 1994-ல் நிறுவினார்கள்.

வேடத்தைக் கலைக்க வழி உண்டு. 1728-ஐ இரண்டால் முடிந்த மட்டும் வகுத்தால் 27 மிஞ்சும். ஆகவே 2²⁷-லிருந்து தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போவோம். 2²⁷ = 134217728; 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதன் வர்க்கம் 416025, மீதி 1065. அதன் வர்க்கம் 1134225, மீதி 1. கடைசி இரண்டு படியையும் பாருங்கள். 1065-இன் வர்க்கம் 1 ஆகிவிட்டது. ஆனால் 1065 என்பது 1-ம் இல்லை, 1728-ம் இல்லை. பகா எண்ணாக இருந்தால் 1-க்கு இந்த இரண்டு வர்க்கமூலம் மட்டுமே இருக்க முடியும். பிடிபட்டுவிட்டது. கூடவே காரணியும் கையில் கிடைக்கிறது: 1065−1 = 1064; 1064-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 133, அதாவது 7×19. 1065+1 = 1066; அதற்கும் 1729-க்கும் மீ.பொ.கா. 13. இன்றைக்குக் கணினிகளில் பெரிய பகா எண் தேடும்போது பெரும்பாலும் ஓடுவது இந்தச் சோதனைதான். மில்லர்–ராபின் சோதனை என்பார்கள். ஒரே எண்ணை வைத்துச் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது. பல எண்களை வைத்துச் செய்ய வேண்டும்.

2-இன் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண்களுக்கு, அதாவது மெர்சென் எண்களுக்கு, சந்தேகமே வைக்காத ஒரு தனிச் சோதனை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் லூக்கா தொடங்கியதை 1930-களில் லெமர் எளிமையாக்கினார். நான்கில் தொடங்குங்கள், வர்க்கம் எடுத்து, 2 கழித்து, மீதிக்குச் சுருக்குங்கள், அடுக்கைவிட 2 குறைந்த தடவை செய்தபின் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 2⁷−1 = 127-க்கு ஐந்து படி: 4, 14, 67, 42, 111, 0. பகா எண். 2047-க்கு ஒன்பது படி: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை; பகு எண். நம் 2³¹−1-க்கு 29 படியில் 0 வந்துவிடும். (முதலில் வைத்த 4-ஐப் படியாக எண்ணிவிட்டு, ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு.)

31 பகா எண் என்பதால் 2³¹−1-ம் பகா எண்ணாகிவிடும் என்று யாராவது சொன்னால் 2047-ஐக் காட்டுங்கள். எந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று 1644-ல் மெர்சென் கொடுத்த பட்டியலிலேயே 67, 257 என்ற இரண்டு அடுக்குகள் தவறு. 61, 89, 107 விடுபட்டுப் போயின.

இந்த எண்ணுக்குள் கணக்கு எப்படி நடக்கிறது

இனி 2147483647-ஐ ஏழு மடைக்குப் பதிலாக வைத்துக்கொள்வோம். 0-லிருந்து 2147483646 வரை மீதிகள். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் செய்து, மீதிக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பகா எண் என்பதால் இங்கே வகுத்தலும் செய்யலாம். 0-ஐத் தவிர ஒவ்வொரு எண்ணுக்கும் பெருக்கல் நேர்மாறு ஒன்று உண்டு. இரண்டின் நேர்மாறு 1073741824. பெருக்கினால் 2147483648, மீதி 1. இரண்டின் வர்க்கமூலமும் இங்கே முழு எண்தான்: 65536. அதன் வர்க்கம் 4294967296, இரண்டு மடங்கு 2147483647 போக மீதி 2. கடையில் வைத்திருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரிலேயே இதைச் சரிபார்த்துவிடலாம்.

பெரிய எண்ணுக்கு மீதி காண்பது இந்த எண்ணில் மிக எளிது. 99-ஆல் வகுக்க நம் பெரியவர்கள் செய்யும் உத்திதான்: 4738-ஐ 47, 38 என்று இரண்டாக வெட்டிக் கூட்டினால் 85, அதுவே மீதி. நூறுக்கு மீதி 1 என்பதால் நூறுகளை ஒன்றுகளாக எண்ணலாம். இங்கே 2³¹-க்கு மீதி 1. ஆகவே 2³¹-கள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்து, மிச்சத்தோடு கூட்டினால் போதும். உதாரணம்: 282475249 × 16807 = 4747561509943. இதில் 2147483648 என்பது 2210 முறை போகும், மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டினால் 1622650073. இதுவே மீதி. இரும எண்களில் வேலை செய்யும் கணினிக்கு இந்த வெட்டு இன்னும் சுலபம், வகுத்தலே இல்லை. வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் முறையில் 2²⁵⁵−19 என்ற பகா எண் பயன்படுகிறது. இரண்டின் அடுக்குக்கு ஒட்டி நிற்கும் பகா எண்ணைத் தேடி எடுத்ததற்கு இதே வசதிதான் காரணம்.

மேலே வந்த 16807 சும்மா எடுத்த எண் இல்லை, அது 7⁵. மட்டு 2147483647-ல் இரண்டின் அடுக்குகள் 31 தாவலில் 1-க்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் 16807-இன் அடுக்குகள் 214 கோடியே சொச்சம் மீதிகளையும், 0 தவிர, ஒன்று விடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். முழுச்சுற்றா என்று பார்க்க எல்லா அடுக்கையும் கணக்கிட வேண்டியதில்லை. 2147483646-இன் பகாக் காரணிகளை முன்பே பார்த்தோம்: 2, 3, 7, 11, 31, 151, 331. அந்த எண்ணை இவை ஒவ்வொன்றாலும் வகுத்து, வரும் ஏழு அடுக்குகளில் எதற்கும் மீதி 1 வராவிட்டால் சுற்று முழுச்சுற்று.

1 என்று தொடங்கி 16807-ஆல் பெருக்கிப் பெருக்கி மீதி எடுத்தால் 16807, 282475249, 1622650073, 984943658, 1144108930 என்று போகும். அடுத்தது என்ன வரும் என்று கண்ணால் சொல்ல முடியாது. கணினிகளில் சமவாய்ப்பு எண்கள் உண்டாக்க இந்த முறையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். 1988-ல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாக வைக்கலாம் என்று எழுதினார்கள். நீங்களே நிரல் எழுதிச் சோதித்தால், 1-ல் தொடங்கிப் பத்தாயிரமாவது பெருக்கலில் 1043618065 வர வேண்டும். வரவில்லையென்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். தொடக்க எண் 0 ஆக இருந்தால் கடைசிவரை 0தான். பெருக்கற்பலன் 32 பிட்டுக்குள் (32 இரும இலக்கத்துக்குள்) அடங்காமல் வழிந்தால் தவறான எண் வரும், எச்சரிக்கைகூட வராது; 64 பிட் மாறி வேண்டும். எக்செல் தாளில் செய்பவர்களுக்கு 15 இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. 16807-ஆல் பெருக்கும்வரை தாங்கும், இரண்டு பத்து இலக்க எண்களைப் பெருக்கினால் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும், மீதி பொய்யாகிவிடும். பரிசுக் குலுக்கலுக்கும் மாதிரி எடுப்பதற்கும் வேண்டுமானால் இந்த முறையைப் பயன்படுத்தலாம். ரகசிய எண் உண்டாக்கக் கூடாது. ஒரே ஓர் எண்ணைப் பார்த்தவர் அடுத்ததை உடனே கணக்கிட்டுவிடுவார்.

இந்த எண் கணினியில் இன்னொரு காரணத்துக்காகவும் எதிர்ப்படும். இருமத்தில் எழுதினால் 31 ஒன்றுகள். 32 பிட் இடத்தில் குறிக்கு ஒரு பிட் போக, எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி நேரம் வைத்திருக்கும் பழைய 32 பிட் அமைப்புகள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த வினாடியில் எண் எதிர்க்குறிக்குப் புரண்டு, தேதி 1901-க்குப் போய்விடும். இதில் பகா எண் என்பதற்கு வேலையே இல்லை. 31 பிட் என்பதுதான் காரணம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதைச் சுற்றி எத்தனை பகா எண்கள்

2147483647-க்கு முந்திய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. ஒரு பக்கம் 18 தள்ளி, மறுபக்கம் 12 தள்ளி. எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகிப் போகும், ஆனால் தீர்ந்துபோகாது. ஓர் எண்ணைச் சுற்றி, சராசரியாக, அதன் இயல் மடக்கை (e-ஐ அடியாகக் கொண்ட மடக்கை) அளவுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். இங்கே அது 21.49. மொத்தமும் இதே விகிதம் என்று கொண்டு எண்ணை 21.49-ஆல் வகுத்தால் 10 கோடிக்குச் சற்றுக் கீழே வரும். உண்மையில் நம் எண் 10 கோடியே 50 லட்சத்து 97 ஆயிரத்து 565-ஆவது பகா எண். சிறிய எண்களிடையே பகா எண்கள் நெருக்கமாக இருப்பதால் மதிப்பீடு ஐந்து விழுக்காடு குறைவாக வருகிறது.

இந்த எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரத்தை 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் குறிப்பிட்டிருந்தார். மிக நெருங்கிய மதிப்பைத் தந்த அது முழுத் துல்லியம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே பகா எண் ஒன்றாவது உண்டு என்பதற்கு 1919-ல் அவர் தந்த நிரூபணம் சுருக்கமும் அழகும் கொண்டது. பெரிய பகா எண் வேண்டுமானால், குறிப்பிட்ட இலக்கத்தில் ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்து, இரண்டிரண்டாகக் கூட்டிச் சோதித்துக்கொண்டே போகலாம். வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கும் முறைகளில் வரும் 300 இலக்கப் பகா எண்களைக் கணினி இப்படித்தான் தேடுகிறது. அந்த அளவில் சராசரியாக 350 ஒற்றைப்படை எண்ணுக்கு ஒன்று கிடைத்துவிடும். வினாடிகளில் முடியும் வேலை.

நம் பத்து இலக்க எண் அதற்குப் போதவே போதாது. இதைப் போன்ற இரண்டைப் பெருக்கி, காரணி கேட்டால், ஒரு சாதாரண மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துவிடும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கத்தைத் தாண்டியது. அதுவும் மெர்சென் வகைதான். அதற்கும் அதே லூக்கா–லெமர் சோதனைதான், 13 கோடிக்கு மேல் படிகள்.

கையால் செய்து பார்க்க ஒன்று: ஆய்லரின் வரிசையில் 311-க்கு அடுத்து நின்ற 1303. மேலே காட்டியபடியே 2¹⁰, 2²⁰, 2³⁰, 2³¹ என்று மீதிகளை எடுங்கள். 1024, 964, 765 என்று வந்து, 2³¹-க்கு 227 வந்தால் கணக்கு சரி.